டீப் ஃப்ரீசரில் ஐஸ் உருக்குதல்: கேட்டவையும் சொன்னவையும்

குளிர்சாதன சர்வீஸ்தான் என் தொழில். மூடி மேல்பக்கம் திறக்கும் பெட்டி ஃப்ரீசரில் பிடிக்கும் ஐஸைப் பற்றி என்ன கேட்டாலும் தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன். சிலருக்கு நீளமாக வரும், சிலருக்கு ஒரு வரிதான் வரும்.

கேள்வி: நான்கு உட்சுவரிலும் ஐஸ். மேல் விளிம்பில் மூன்று விரல் கனம் இருக்கிறது. கூடை உள்ளே இறங்கவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது, சார்?

பதில்: முந்தைய நாளிலிருந்து தொடங்குங்கள். ஃபாஸ்ட் ஃப்ரீஸ் சுவிட்ச் இருந்தால் 24 மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டை முழுக் குளிருக்குத் திருப்புங்கள். உள்ளே இருக்கும் பொருள்கள் மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே போயிருந்தால் வெளியே எடுத்த பிறகு கூடுதல் நேரம் தாங்கும்.

மறுநாள் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிளக்கைத் தரையில் போடாமல், தண்ணீர் எட்டாத உயரத்தில் மாட்டி வையுங்கள். பிறகு உணவுப் பொருள்களைத் தெர்மோகோல் பெட்டியிலோ ஐஸ் பெட்டியிலோ இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடுக்கி, மேலே கனமான போர்வையைப் போட்டு மூடுங்கள். நெருக்கமாக இருந்தால் ஒன்றின் குளிர் மற்றொன்றைக் காக்கும்.

பெரும்பாலான பெட்டி ஃப்ரீசர்களில் அடியில் வடிகால் துளை இருக்கும். உள்ளே ஒரு ரப்பர் அடைப்பான், வெளியே கீழ்ப்பக்கம் ஒரு சின்ன மூடி. இரண்டையும் கழற்றித் துளைக்கு நேர் கீழே ஒரு தட்டையான தட்டு வையுங்கள். துளை இல்லாத மாடல் என்றால் துண்டுகளால் ஒற்றி எடுக்க வேண்டியதுதான்.

இனி சூடு. உள்ளே அடித்தளத்தில் ஒரு மரப்பலகையோ மடித்த தடித்த துண்டோ போட்டு, அதன்மேல் அகலமான பாத்திரத்தில் சூடான தண்ணீர் வைத்து மூடியைச் சாத்திவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து ஆறிய தண்ணீரை எடுத்துவிட்டு வேறு சூடான தண்ணீர் வையுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்த பிறகு மூடியை முழுக்கத் திறந்து, ஒரு ஃபேனை வெளியே எட்ட வைத்து, காற்று பெட்டிக்குள் இறங்கும்படி திருப்பிவிடுங்கள்.

அதற்கப்புறம் ஐஸைக் கவனியுங்கள். முதலில் வெள்ளையாக, உலர்ந்து, பொரபொரவென்று இருக்கும். சூடு ஏற ஏற வெள்ளை போய் உள்ளே பார்வை ஊடுருவும். மேல் விளிம்பில் ஐஸ் இல்லாத இடத்தில் உலோகச் சுவர் சூடாகி, அந்தச் சூட்டைத் தனக்குள்ளேயே கீழே கடத்திக்கொண்டு போகும். அப்போது சுவருக்கும் ஐஸுக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகும். ஓரத்தில் விரலை வைத்தால் ஈரம் தெரியும். உள்ளங்கையால் தட்டினால் அதுவரை கெட்டியாகக் கேட்ட சத்தம் பொள்ளென்று மாறும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான். கையுறை போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தால் பலகை பலகையாகக் கழன்று வரும். அந்தச் சத்தம் வராதவரை இழுக்காதீர்கள், தட்டாதீர்கள், நெம்பாதீர்கள்.

எல்லாம் வந்த பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் துடையுங்கள். வாடை போய்விடும். மூடியின் விளிம்பைச் சுற்றி இருக்கும் ரப்பர் பட்டையான காஸ்கெட்டின் மடிப்புகளைத் தனியாகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒரு தடவை முழுக்க ஒற்றி, வடிகால் அடைப்பானைத் திரும்பப் போட்டு, அதற்கப்புறம்தான் பிளக். இனி மூன்று விரல் கனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அரை சென்டிமீட்டரைத் தொட்டதுமே உருக்கிவிட்டால் வேலை மிக எளிது.

கேள்வி: கத்தியின் முனையால் குத்தாமல், பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டினால் என்ன தவறு?

பதில்: தட்டும்போது கத்தி எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது, அதுதான் தவறு. பெட்டி ஃப்ரீசரில் குளிரூட்டும் காயில், அதாவது குளிரைத் தரும் சுருள் குழாய், தனியாக எங்கோ இல்லை. நீங்கள் பார்க்கும் உட்சுவரின் மறுபக்கத்தில் ஒட்டியபடி, பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. நடுவில் இருப்பது மெல்லிய அலுமினியத் தகடோ பெயின்ட் அடித்த இரும்புத் தகடோதான். காயிலுக்குப் பின்னால் முழுக்க ஃபோம் ஊற்றி இறுகச் செய்திருப்பார்கள். ஐஸ் அதிகமாகப் பிடிக்கும் இடமே காயில் ஓடும் இடம்தான். அதாவது ஆயுதத்தோடு ஐஸைத் தேடிப் போகிறவர் நேரே குழாயைத் தேடித்தான் போகிறார்.

ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் குழாய்க்குள் ஓடும் குளிரூட்டும் கேஸ் முழுக்கப் போய்விடும். ஃபோமுக்குள் இருக்கும் குழாயைச் சீர்செய்வது அநேகமாக நடக்காது. கம்பிரஷர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரீசரை ஒரே குத்தில் பழைய இரும்புக்குப் போடும்படி ஆகும். ஆகவே இரும்பு எந்த வடிவத்திலும் வேண்டாம். முனையும் வேண்டாம், பின்பக்கமும் வேண்டாம்.

கேள்வி: கொதிக்கும் தண்ணீரை நேராகச் சுவரில் ஊற்றிவிட்டால் சீக்கிரம் முடியுமே?

பதில்: வேண்டாம். மைனஸ் 18-இல் இருக்கும் பிளாஸ்டிக்மீது 100 டிகிரித் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். தகடாக இருந்தாலும் மூலை இணைப்புகளில் பூசியிருக்கும் சீலன்ட் விட்டுக்கொடுத்து, தண்ணீர் ஃபோமுக்குள் இறங்கும். ஈரமான ஃபோம் குளிரைத் தடுக்காது, எளிதில் காயவும் காயாது. சூடான தண்ணீர் பாத்திரத்துக்குள் இருக்கட்டும், அதன் ஆவி வேலை செய்யட்டும். கையில் பொறுக்கும் சூட்டில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுவரில் ஒற்றுவதில் தவறில்லை.

கேள்வி: ஐஸ்மேல் உப்பு தூவினால்?

பதில்: ஐஸ் உருகும், சுவரும் துருப்பிடிக்கும். வேண்டாம்.

கேள்வி: ஹேர் டிரையர் பிடித்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. நீங்கள் அதைப் பற்றிச் சொல்லவே இல்லையே?

பதில்: வேண்டுமென்றேதான் விட்டேன். ஒரு கையில் ஓடும் மின்கருவி, காலடியில் தண்ணீர், குனிந்திருப்பது பெரும்பாலும் உலோகப் பெட்டிக்குள். டிரையர் கை நழுவி உள்ளே தேங்கிய நீரில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே இடத்தில் கிட்டே பிடித்தால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் இளகி வளைந்துவிடும். மூன்றாவது காரணம் கேஸ். இப்போது வரும் வீட்டு ஃப்ரீசர்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அது எரியும் கேஸ். சுவரை ஏற்கெனவே யாராவது சுரண்டிக் கசிவு உண்டாக்கியிருந்தால், உள்ளே சூடான கம்பிச்சுருளும் பொறி பறக்கும் மோட்டாரும் உள்ள கருவியைக் கொண்டுபோய் நீட்டுகிறீர்கள்.

கேள்வி: வெளியே எடுத்த மீன், இறைச்சி எல்லாம் எவ்வளவு நேரம் தாங்கும்? கொஞ்சம் இளகிவிட்டால் திரும்ப வைக்கலாமா?

பதில்: மின்சாரம் போன நேரத்தில், நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் உணவைக் காக்கும் என்பது பொதுக் கணக்கு. வெளியே பெட்டியில் வைத்தால் அவ்வளவு வராது. ஆனால் நெருக்கி அடுக்கி, நன்றாக மூடியிருந்தால் உருக்கி முடிக்கும் நேரத்துக்குத் தாராளமாகத் தாங்கும்.

திரும்ப வைக்கும்போது ஒவ்வொரு பொட்டலத்தையும் கையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இன்னும் ஐஸ் துகள்கள் நெறுநெறுக்கின்றன, அல்லது 4 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் திரும்ப உறையவைக்கலாம். சுவையும் பதமும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முழுக்க இளகி, அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த மீனையும் இறைச்சியையும் வைக்காதீர்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்யவும் கூடாது. கெடுதி செய்யும் கிருமிகள் எல்லாமே வாடையைக் காட்டிக்கொண்டு வருவதில்லை. இளகிய ஐஸ்கிரீமைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ஸ்க்ரூடிரைவரால் ஓரத்தில் மட்டும் லேசாக நெம்பினால்?

பதில்: கத்திக்குச் சொன்னது இதற்கும்தான்.

கேள்வி: ஹேர் டிரையர் பற்றிக் கேட்டவன்தான் நான். நீங்கள் மக்களைப் பயமுறுத்துகிறீர்கள். ஒரு ஃப்ரீசரில் இருப்பதே 50 கிராம் கேஸ்தான். சமையலறையில் கிலோக்கணக்கில் கேஸை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே அடுப்பு மூட்டுகிறோம். அந்த 50 கிராம் வெளியே வந்தால்தான் என்ன ஆகிவிடும்?

பதில்: நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நீங்கள் சொல்வதில் பாதி சரி. வீட்டு ஃப்ரீசர்களுக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60335-2-24 எரியும் கேஸுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 150 கிராம். நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் 50 கிராமையே எடுத்துக்கொள்வோம்.

ஐசோபியூட்டேன் 50 கிராம், அறை வெப்பத்தில் சுமார் 21 லிட்டர் இடத்தை அடைக்கும். காற்றில் 1.8 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அது தீப்பிடிக்காது. மூன்று மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள அறையில் 27,000 லிட்டர் காற்று இருக்கிறது. அதில் 21 லிட்டர் கலந்தால் 0.08 சதவீதம். எரியும் அளவை எட்ட இன்னும் இருபது மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே அறை முழுக்கப் பரவிவிட்டால் ஆபத்து இல்லை என்பது சரிதான்.

ஆனால் கேஸ் கசிவது அறைக்குள் இல்லை, பெட்டிக்குள். 200 லிட்டர் பெட்டியில் 1.8 சதவீதம் என்பது 3.6 லிட்டர். எடையில் சுமார் 9 கிராம். உங்கள் 50 கிராமில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தாலே பெட்டி எரியும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அதோடு ஐசோபியூட்டேன் காற்றைப்போல இரண்டு மடங்கு கனமானது. நின்ற வாக்கில் உள்ள ஃப்ரிட்ஜில் கதவைத் திறந்தால் அது கீழே வழிந்து வெளியே போய்விடும். பெட்டி ஃப்ரீசரில் நான்கு பக்கமும் அடைப்பு, திறப்பு மேலே மட்டும்தான். கேஸ் அடியிலேயே படுத்துக்கிடக்கும். குளிர்ந்த காற்று வெளியேறாமல் இருப்பதற்காகச் செய்த அதே வடிவம் கேஸையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீங்கள் டிரையரை நீட்டுவதும் அதே அடிப்பக்கத்தை நோக்கித்தான்.

சமையல் கேஸைச் சொன்னீர்கள். அது கசிந்தால் மூக்குக்குத் தெரியும்படி வாடை சேர்த்திருக்கிறார்கள். ஃப்ரீசர் கேஸில் அந்த வாடை கிடையாது. கசிந்திருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: மறுபடியும் நான்தான். கசிந்திருந்தால்தானே இதெல்லாம்? சுவரை யாரும் தொடாத ஃப்ரீசரில் டிரையர் பிடித்தால் கேஸ் எங்கிருந்து வரும்?

பதில்: வராது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஓட்டை இல்லாத ஃப்ரீசரில் டிரையர் பிடித்ததால் மட்டும் தீப்பிடிக்காது. ஆனால் நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. ஒருவர் டிரையரைப் பிடிப்பார், இன்னொருவர் இளகிய இடத்தைச் சுரண்டுவார். அவசரம் உள்ளவர்தான் டிரையரை எடுக்கிறார், அந்த அவசரமே கத்தியையும் எடுக்க வைக்கிறது. கசிவு உண்டாகும் அதே நிமிடத்தில் பொறியும் பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சேர்க்கையை மனதில் வைத்துத்தான் வேண்டாம் என்கிறேன். மின்அதிர்ச்சி பற்றிச் சொன்னதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, அது கசிவே இல்லாவிட்டாலும் உண்டு.

கேள்வி: இந்த விவாதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அண்ணா. எங்கள் ஃப்ரீசரின் பெயர்ப்பலகையில் ஆர்-134ஏ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் டிரையர் பிடிக்கலாமா?

பதில்: பெயர்ப்பலகையைப் பார்த்ததற்கே பாராட்டு, தம்பி. பின்பக்கமோ உள்விளிம்பிலோ ஒட்டியிருக்கும் அந்தப் பலகையில் கேஸின் பெயரும் கிராம் கணக்கும் இருக்கும். ஆர்-600ஏ என்றால் அநேகமாக மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் படமும் கம்பிரஷர் பக்கம் ஒட்டியிருக்கும். உங்களுடைய ஆர்-134ஏ சாதாரண நிலையில் தீப்பிடிக்காது. அந்த ஒரு ஆபத்து உங்களுக்கு இல்லை. தண்ணீரும் மின்சாரமும் உங்கள் வீட்டிலும் அதே தண்ணீர், அதே மின்சாரம்தான். என் பதில் மாறவில்லை.

கேள்வி: ஃபேனும் மின்சாரத்தில்தானே ஓடுகிறது? அதை மட்டும் ஏன் அனுமதிக்கிறீர்கள்?

பதில்: சரியான இடத்தில் கேட்டீர்கள். ஃபேன் உங்கள் கையில் இல்லை, பெட்டிக்குள்ளும் இல்லை. எட்ட, உலர்ந்த இடத்தில், விழுந்தாலும் தண்ணீரில் விழாத தூரத்தில் நிற்கிறது. வயர் ஈரத்தின் குறுக்கே போகக் கூடாது. சாதாரண டேபிள் ஃபேனின் இன்டக்‌ஷன் மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது, ஓடும்போது உள்ளே பொறி பறக்காது. ஹேர் டிரையர்களில் பெரும்பாலும் பிரஷ் மோட்டார். அப்புறம், ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச், போட்ட லைனில் மாட்டுங்கள். இந்த வேலைக்கு என்று இல்லை, ஈரம் உள்ள எந்த இடத்துக்கும் அது வேண்டும்.

டிரையர் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். கேட்க வேண்டிய வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ் கட்டுகிறது.

பதில்: அதில் ஐஸ் கட்டவே கூடாது. ஹீட்டர், சென்சார், வடிகால் மூன்றில் ஒன்று பழுது. நேரில் பார்க்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பிளக்கைப் பிடுங்காமல் தெர்மோஸ்டாட்டை பூஜ்யத்தில் வைத்தால் போதாதா? பிளக் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்கச் சிரமம்.

பதில்: போதாது. பூஜ்யத்தில் கம்பிரஷர்தான் நிற்கும். விளக்குக்கும் வயரிங்குக்கும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். ஃப்ரீசரை நகர்த்துங்கள்.

கேள்வி: உருக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் வெள்ளையாகப் படிந்துவிட்டது. இது கம்பிரஷர் பிரச்சினையா?

பதில்: கம்பிரஷர் மேல் பழி போடாதீர்கள். அது நன்றாக வேலை செய்வதால்தான் ஐஸ் படிகிறது. ஐஸ் என்பது உள்ளே நுழைந்த காற்றின் ஈரம். எங்கே நுழைகிறது என்று பாருங்கள்.

காகிதச் சோதனையிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடியைச் சாத்தி, மெல்ல இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காஸ்கெட் ஒட்டவில்லை. சுற்றிலும் நான்கு விரற்கடைக்கு ஒரு இடமாகச் சோதியுங்கள், மூலைகளையும் கீல் பக்கத்தையும் விடாதீர்கள். படிந்த ஐஸே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மேல்விளிம்பில் திட்டாகக் குவிந்திருந்தால், அதற்கு நேர் மேலே காஸ்கெட்டில் சந்து இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்திருந்தால், மூடியை அடிக்கடி திறக்கிறீர்கள், அல்லது ஈரமான பொருளை வைக்கிறீர்கள்.

காஸ்கெட் அழுக்காக இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பிடிமானம் திரும்பும். மடங்கிக் கோணியிருந்தால் சூடான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி இளக்கி, விரலால் நேராக்கி, மூடியைச் சாத்தி விட்டுவிடுங்கள். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். சூடான உணவை ஆறவிட்டு வையுங்கள். திறந்த பாத்திரத்தில் குழம்போ தண்ணீரோ வைத்தால் அதன் ஈரம் எல்லாம் சுவருக்குத்தான் போகும்.

இன்னொன்று. ஐஸ் படிந்த காயில் போர்வை போர்த்திக்கொண்ட மாதிரி. குளிர் வெளியே வராமல் கம்பிரஷர் கூடுதல் நேரம் ஓடும். அந்த ஐஸே மூடியைத் தூக்கி, மேலும் ஈரத்தை உள்ளே விடும். தள்ளிப்போட்டால் வேகம் கூடிக்கொண்டே போகும்.

கேள்வி: மரக் கரண்டி, பிளாஸ்டிக் சுரண்டி இவையும் கூடாதா?

பதில்: உதிரியான வெண்பனியைத் தள்ள, தட்டை முனை உள்ள பிளாஸ்டிக் சுரண்டி ஆகும். சுவருக்கு இணையாக, சாய்த்துப் பிடித்து, தள்ள மட்டும் செய்யுங்கள். குத்தாதீர்கள். கெட்டி ஐஸில் அதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் உடைந்து வரும் கூர்முனை இரும்புக்குக் குறைந்ததில்லை.

கேள்வி: உளி வைத்து...

பதில்: கூடாது. சுவருக்குள் குழாய் இருக்கிறது. கத்தி, ஸ்க்ரூடிரைவர், உளி, சுத்தியல், கரண்டிக்காம்பு எல்லாவற்றுக்கும் ஒரே பதில். இனி இந்தக் கேள்வி வந்தால் மேலே பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: இது தெரியாமல் நேற்று கத்தியால் குத்திவிட்டேன். "ஸ்ஸ்" என்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ஃப்ரீசரை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: நல்லவேளை கேட்டீர்கள். இதைத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். மூடி திறந்தே இருக்கட்டும், அறை ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். பிள்ளைகளை அறைப்பக்கம் விடாதீர்கள். கேஸ் கனமானது என்பதால் பெட்டிக்குள் தேங்கியிருக்கலாம். குனிந்து உள்ளே தலையை விட்டுப் பார்க்காதீர்கள். குத்திய இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் குழாய் ஓட்டையானது உறுதி, கம்பிரஷர் எண்ணெய் கேஸோடு சேர்ந்து வரும். மெக்கானிக்கிடம் என்ன நடந்தது என்பதையும் கேஸின் பெயரையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர் தெரியாமல் குழாயை ஒட்டும் பிரேஸிங் தீயை மூட்டக்கூடும். பழைய குழாயை விட்டுவிட்டு உட்சுவரில் புதிய காயில் சுற்றித் தருகிறேன் என்பார்கள் சிலர். குளிரும், ஆனால் முன்போல இருக்காது, அடுத்த தடவை உருக்கும்போது குழாய் வெளியிலேயே இருக்கும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். சத்தம் வந்த நொடியில் நீங்கள் பக்கத்தில் இருந்தால், எந்த சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும், அடுப்பை மூட்டாமலும், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். மின்சாரத்தை நிறுத்த வேண்டுமென்றால் தள்ளி இருக்கும் மெயினில் நிறுத்துங்கள். பீய்ச்சும் கேஸ் கண்ணிலோ தோலிலோ பட்டால் உறைகாயம் வரும்.

கேள்வி: எந்த வேலையும் செய்யாமல் மூடியைத் திறந்து வைத்துவிட்டு இரவெல்லாம் விட்டால் தானாக உருகாதா?

பதில்: உருகும், சுவருக்கு மிகவும் பாதுகாப்பான வழியும் அதுதான். இரண்டு விஷயம் கவனியுங்கள். தண்ணீர் எவ்வளவு வரும் என்று முன்பே யோசித்து வையுங்கள், இரவில் தட்டு நிரம்பி வழிந்தால் பார்க்க ஆள் இருக்காது.

இரண்டாவது, சின்னப் பிள்ளைகள். காலியான, திறந்த பெட்டி ஃப்ரீசர் குழந்தைகளுக்கு ஒளிந்துகொள்ளும் இடம். மூடி விழுந்தால் காஸ்கெட் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்ளும். உள்ளிருந்து கத்தினாலும் ஃபோம் சுவரைத் தாண்டிச் சத்தம் வராது. மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே விழாதபடி ஒரு கட்டையைக் கட்டி வையுங்கள், அல்லது அறைக் கதவைப் பூட்டுங்கள். வேலை நடக்கும்போது ஃபோன் வந்தால்கூட மூடியைச் சாத்திப் பூட்டிவிட்டுப் போங்கள். பழைய ஃப்ரீசரை எடுத்துப் போடுகிறவர்கள் மூடியைக் கழற்றிவிட்டே போட வேண்டும். இதை நான் எல்லா வீட்டிலும் சொல்கிறேன், சலிப்பாக இருந்தாலும் சொல்வேன்.

கேள்வி: மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?

பதில்: ஐஸின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும், மைனஸ் 18-இலிருந்து பூஜ்யத்துக்கு ஏற்ற இன்னும் 38. இரண்டு லிட்டர் தண்ணீர் 90 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஆறும்போது தருவது சுமார் 590 கிலோஜூல். ஒரு துளிகூட வீணாகாவிட்டாலும் அது ஒன்றரைக் கிலோ ஐஸுக்குத்தான் வரும். வீணாவதும் உண்டு. மூன்று விரல் கனம் என்றால் பத்து இருபது கிலோ ஐஸ் சாதாரணமாக இருக்கும். ஆகவே அரை நாளை ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள். அரை சென்டிமீட்டர் கனத்தில் ஆரம்பித்தவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்துவிடலாம்.

கேள்வி: வடிகால் துளை இல்லை. ஃப்ரீசரையே சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிடலாமா?

பதில்: கூடாது. சாய்த்தால் கம்பிரஷர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும், தண்ணீர் வயரிங் பக்கம் வழியும். குவளையால் மொண்டு எடுத்து, மீதியைத் துணியால் ஒற்றுங்கள். ஏற்கெனவே சாய்த்துவிட்டிருந்தால் நேராக நிறுத்தி, ஒரு நாள் விட்டு ஆன் செய்யுங்கள்.

கேள்வி: ஐஸ் எடுத்து ஆன் செய்த பிறகு வெளிச்சுவர் சுடுகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட ஒன்றுமில்லை, அம்மா. நிறைய பெட்டி ஃப்ரீசர்களில் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் குழாய் வெளித்தகட்டுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. காலியாக இருந்த பெட்டியைத் திரும்பக் குளிர்விக்கும்போது வழக்கத்தைவிடச் சூடாகவே இருக்கும். சுற்றிலும் காற்று போக இடம் விடுங்கள். ஆணி, ஸ்க்ரூ எதையும் வெளிச்சுவரில் அடிக்காதீர்கள், அங்கேயும் குழாய் இருக்கிறது.

கேள்வி: பொருள்களை எப்போது திரும்ப அடுக்கலாம்?

பதில்: உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்து மைனஸ் 18 காட்டிய பிறகு. சில மணி நேரம் ஆகும், அதுவரை பொருள்கள் போர்வைக்குள்ளேயே இருக்கட்டும். ஆன் செய்துவிட்டு உடனே அணைத்து மறுபடி போடாதீர்கள். கம்பிரஷர் நின்றால் குழாயின் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக ஐந்து நிமிடமாவது வேண்டும். வைக்கும்போது பொட்டலங்களின் வெளி ஈரத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள்.

கேள்வி: அடுக்கி முடித்து மூடியைச் சாத்தினேன், ஒன்றை மறந்துவிட்டுத் திரும்பத் திறந்தால் மூடி வரவே மாட்டேன் என்கிறது. உடைந்துவிட்டதா?

பதில்: இல்லை. உள்ளே போன வெப்பக்காற்று குளிர்ந்து சுருங்கி மூடியை இழுத்துப் பிடித்திருக்கிறது. கைப்பிடியைப் பிடித்து இழுக்காமல் சில நிமிடம் விடுங்கள், தானாக இளகும். உங்கள் காஸ்கெட் நன்றாக இருக்கிறது.